மூணாங்கட்டை வரை ஐந்து வாட்

என் கடைக்குச் சைக்கிள் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் நிறத்தைக் கேட்பார்கள். ஒன்பதாவது ஆள் எடையைக் கேட்பார். வயிற்றில் பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு வந்து, சைக்கிளில் இருநூறு கிராம் குறையுமா என்று கேட்கிறவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தொப்பையைப் பற்றி இங்கே பேச்சில்லை. நான் சைக்கிள் விற்கிறவன், ஓட்டுகிறவன் இல்லை.

பத்தாவது ஆளாகத் தினேஸ்வரி வந்தாள். சனிக்கிழமை காலை, ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை. குனிந்து உள்ளே வந்து நின்றாள்.

"கௌஸ் அண்ணே, முப்பத்தாறு புள்ளி நாலு வேகத்துல ஒருத்தியா போகணும். அதுக்கு எந்தச் சைக்கிள்?"

"பசியாறியாச்சா?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவள் என் கடைப்பக்கமே வரவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

தினேஸ்வரிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பிறந்தது செமோருக்கு அப்பால் உள்ள வெள்ளைக்கல் தோட்டத்தில், லயத்து வீட்டில். பன்னிரண்டு வயதில் தோட்டம் கைமாறி, ரப்பர் தரும் பால்மரங்களையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். குடும்பம் செமோருக்கு வந்து சேர்ந்தது. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா மங்களமும் தங்கை கலாதேவியும் இவளும்தான் வீடு. ஈப்போவில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பூதக்கண்ணாடிக்கு அடியில் மயிரிழைத் தடிமனை அளந்து, சரி என்றோ தவறு என்றோ எழுதுகிற வேலை. இருபது வருடம் அதைச் செய்தவளுக்கு வாயிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. 'கிட்டத்தட்ட' என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், "அளவு சரியா வரலண்ணே" என்று சிரித்து முடித்துவிடுவாள்.

தொழிற்சாலை விளையாட்டுக் கழகத்தில்தான் சைக்கிள் ஓட்டப் பழகினாள். தங்கையையும் இழுத்துக்கொண்டாள். கலாதேவி நான்கு வயது இளையவள், பாலர் பள்ளி ஆசிரியை, வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பழைய தோட்டத்துச் சாலையில்தான் ஓட்டுவார்கள். நுழைவாயிலிலிருந்து பாலம் வரை ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், வளைவே இல்லாத சாலை. ஒருத்தி முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவாள். மற்றவள் அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டு வருவாள். பின்னால் இருப்பவளுக்கு உழைப்பில் கால்வாசி மிச்சம். களைத்ததும் மாறிக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, தினேஸ்வரி முன்னால், கலா பின்னால். மூணாங்கட்டைக் கல்லுக்குப் பக்கத்தில், லாரியிலிருந்து சிதறிய செம்பனைப் பழத்தின் மேல் கலாவின் முன்சக்கரம் ஏறியது. தலை கல்லில் மோதியது. தினேஸ்வரி நிற்கவில்லை. பாலம் வரை போய்த்தான் திரும்பினாள். அவள் மறுபடி அந்த இடத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பழக்குலை வெட்டும் வங்காளதேசத்து ஆள் ஒருவர் தன் சட்டையைக் கழற்றிக் கலாவின் தலைக்கடியில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்தியிருந்தார்.

கலா பிழைத்தாள். பிடித்துக்கொண்டு நடப்பாள், ஊட்டினால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் பார்ப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. நாக்கில் குறையில்லை, காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எல்லோரும் தினேஸ்வரியிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். அந்த வேகத்தில் காற்றுச் சத்தம் காதை அடைக்கும், பின்னால் விழுந்தது உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்றோம். நானும் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, பெரிய நிபுணன் மாதிரி அதைத்தான் சொன்னேன். மூணாங்கட்டையைத் தாண்டியபோது அவள் வேகம் முப்பத்தாறு புள்ளி நான்கு என்று அவள் சைக்கிளில் இருந்த கருவி பதிந்து வைத்திருந்தது. அந்த எண்ணைக் காட்டிக்கூட ஆறுதல் சொன்னேன்.

இப்போது அவள் கடையில் நின்று கேட்டாள். "எல்லாரும் கேட்டிருக்காது, கேட்டிருக்காதுங்கிறீங்க. யாராச்சும் அளந்து பாத்தீங்களா?"

"இதை எப்படிம்மா அளக்கிறது?"

"அதே ரோடு, அதே வேகம். கல்லுகிட்ட நீங்க நின்னு, நான் தாண்டுனதும் ஒரு பழைய சைக்கிளைத் தார்ல போடுங்க. எனக்குக் கேக்குதா இல்லையான்னு பாப்போம். கேக்கலன்னா நான் ராத்திரி தூங்குவேன்."

"கேட்டுச்சுன்னா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த சைக்கிள் சட்டங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கேள்விக்காக ஒருத்தி சைக்கிள் வாங்குகிறாள் என்றால் அவளுக்கு விற்பதா, வேண்டாமா?

"பழைய சைக்கிள் என்ன ஆச்சு?"

"அதுல தனியா முப்பத்திரண்டுக்கு மேல வரல. அன்னிக்கு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காத்தைப் பங்கு போட்டுக்கிட்டோம். இப்ப மொத்தக் காத்தும் எனக்குத்தானேண்ணே."

விற்றேன். வேறு யாரிடமாவது போயிருந்தால் விளிம்பு அறுபத்தைந்து மில்லிமீட்டர் ஆழமான சக்கரம் மாட்டி அனுப்பியிருப்பார்கள். நாற்பத்தொன்பது கிலோ உடம்புக்கு அது படகுப் பாய் மாதிரி. பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் சாக்கடையில் கிடப்பாள்.

காற்றை வெட்டும் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதில் வேடிக்கை என்னவென்றால், முக்கால்வாசிக் காற்றைத் தடுப்பது சைக்கிள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் ஆள். ஆகவே முதலில் ஆளை அளக்க வேண்டும். அவள் உயரம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அந்த உயரத்துக்குச் சட்டம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஒன்று பெரியதாக இருக்கும், இல்லை முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், தலையைத் தாழ்த்த முடியாது. மூன்று வாரம் தேடி, ஒரு கறுப்புச் சட்டம் கிடைத்தது. குழாய்களெல்லாம் தட்டையாக, இருக்கைத் தண்டு கத்தி மாதிரி. கம்பிகள் எல்லாம் உள்ளே மறைந்து ஓடும். வெளியே ஒரு வயர்கூடத் தெரியாது. முன்னால் நாற்பது, பின்னால் ஐம்பது ஆழத்தில் சக்கரம் போட்டேன். கைப்பிடியின் அகலத்தை அவள் தோளை அளந்து முப்பத்தாறு சென்டிமீட்டராகக் குறைத்தேன்.

பிறகு கடைக்குள்ளேயே சைக்கிளை நிலையாகப் பூட்டி அவளை ஏற்றி உட்கார வைத்தேன். முழங்காலிலிருந்து நூல்குண்டு விட்டுப் பார்த்தேன். இருக்கையை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினால் இடுப்பு ஆடியது, இறக்கினால் முட்டி வலித்தது. அறுபத்தாறு புள்ளி இரண்டு சென்டிமீட்டரில் நின்றது. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் வளையங்களை வாரத்துக்கு ஒன்றாக எடுத்து முன்பக்கத்தைத் தாழ்த்தினேன். கடைசியில் முழங்கையை மடித்து அவள் குனிந்தால் முதுகின் மேல் பால் விடாத தே ஓ தேநீர்க் கோப்பையை வைக்கலாம் போல ஆனது. அந்த இருப்பில் ஓட்டுகிறவருக்குச் சாலை முழுதாகத் தெரியாது. எதிரில் பத்துப் பன்னிரண்டு அடித் தார் தெரியும், அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதென்றால் மொத்த உடம்பும் கலையும். மணியையும் கழற்றச் சொன்னாள், கழற்றினேன்.

அதன் பிறகுதான் சோதனை ஓட்டம். காற்று அசையாத காலை நேரம் வேண்டும். நான் வேனில் அவளை வெள்ளைக்கல் தோட்டத்து நுழைவாயிலுக்கு அழைத்துப் போவேன். அங்கே ஒரு முனியாண்டி கோயில் உண்டு. தோட்டத்து ஆட்கள் போய் முப்பது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் யாரோ சூலத்தில் எலுமிச்சை குத்தி வைக்கிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள். யாரென்று நான் பார்த்ததில்லை. கோயிலைத் தாண்டினால் லயங்கள் இருந்த இடம். வீடுகளை இடித்துவிட்டார்கள், சிமெண்டுப் படிகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று படி ஏறினால் செம்பனை மரம். வரிசையாக இருபது வீட்டுப் படிகள் அப்படி நிற்கும். அவள் வீட்டுப் படி எதுவென்று கேட்டேன். பதினொன்றாவது என்றாள். பிறகு அந்தப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

நான் வேனில் இருப்பேன். அவள் பாலம் வரை போய்த் திரும்புவாள். பெடலில் இருக்கும் கருவி அவள் கால் எவ்வளவு சக்தியைத் தள்ளுகிறது என்பதை வாட் கணக்கில் பதிந்து வைக்கும். அதே வேகத்துக்கு வாட் குறைந்தால் சைக்கிள் காற்றை நன்றாக வெட்டுகிறது என்று அர்த்தம். முதல் வாரம் நூற்று எண்பத்து நான்கு. ஒரு வளையம் எடுத்ததும் நூற்று எழுபத்தாறு. கடைசி வளையத்தையும் எடுத்தபோது நூற்று எழுபது. அதை அவளால் பாலம் வரை தாங்க முடிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். என் தொழில் அது.

அன்று மாலை கடையில் பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த ஐந்து வாட் கண்ணில் பட்டது.

நுழைவாயிலிலிருந்து மூணாங்கட்டை வரை நூற்று அறுபத்தைந்து. மூணாங்கட்டையிலிருந்து பாலம் வரை நூற்று எழுபது. கோடு படி மாதிரி ஒரே இடத்தில் ஏறியது. முந்தைய வாரத்தைத் திறந்தேன். அதே ஐந்து, அதே கல். அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். நான் சொன்ன எண்களெல்லாம் கல்லுக்கு அந்தப்பக்கத்து எண்கள். இந்தப்பக்கம் ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஐந்து வாட் குறைந்தே இருந்தது.

மேடு பள்ளம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போய், நீர்மட்டம் வைத்துச் சாலையைப் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. தார் வழவழப்பாக இருக்குமோ என்று கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சொரசொரப்பு. காற்றாக இருக்கும் என்று குச்சியில் பிளாஸ்டிக் நாடா கட்டிக் கல்லுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று நட்டேன். இரண்டும் செத்த மாதிரித் தொங்கின. பெடல் கருவியை மாற்றினேன். புதுக் கருவியும் அதே ஐந்தைக் காட்டியது.

காற்றில் ஒரு சங்கதி உண்டு. சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு மட்டும் லாபம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஓடுகிற சைக்கிளின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சுழல் அடங்கும். முன்னால் போகிறவருக்கும் கொஞ்சம் லேசாகும். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வேகத்தில் நாலைந்து வாட் இருக்கும்.

நான் மடிக்கணினியை மூடி வைத்தேன். ஐந்து வேளை தொழுகிறவன் நான். முனியும் பேயும் என் புத்தகத்தில் கிடையாது. அன்று மாலை மஃரிபு தொழுகைக்குப் போனவன், வரிசையில் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நின்றிருந்தவர் முறைத்தார்.

தினேஸ்வரியிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவளாகவே சொன்னாள்.

"அண்ணே, கல்லு வரைக்கும் முதுகுல காத்து மூடிக்கிற மாதிரி இருக்கு. ஜாக்கெட் போட்ட மாதிரி. அப்புறம் தெறந்துக்குது."

"தார் அப்படிம்மா," என்றேன். பொய் சொல்லும்போது நான் ஸ்பேனரைத் துடைப்பேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு மட்டும் கோடு நேராக வந்தது. நுழைவாயிலிலிருந்து பாலம் வரை நூற்று எழுபது. ஒரு வழியாகத் தீர்ந்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

"இன்னிக்கு நல்லா இல்லண்ணே. ஆரம்பத்துலேர்ந்தே கனமா இருந்துச்சு," என்றாள். வேனில் ஏறும்போது சாதாரணமாகச் சொன்னாள், "வீட்டுக்குச் சீக்கிரம் போவோம். கலாவுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். பாவம், படுத்தே கெடக்கிறா."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கலாவின் பழைய சைக்கிளை அவர்கள் வீட்டு முன்கூடத்தில் நிலையாகப் பூட்டிக் கொடுத்தது நான்தான். ஒரு வருடம் ஆகிறது. கால் தசை விழாமல் இருக்கத் தினமும் இருபது நிமிடம் மிதிக்கட்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சைக்கிளின் மிதி அச்சில் ஒரு சத்தம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. கலா ஓட்டிய காலத்திலிருந்தே அது இருந்தது. மூன்று தடவை பிரித்துப் பூட்டியும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. என் தொழிலுக்கு அது ஒரு அவமானம்.

அடுத்த ஞாயிறு தினேஸ்வரியை நுழைவாயிலில் இறக்கிவிட்டு, அவசர வேலை என்று சொல்லிவிட்டு, நேராகச் செமோருக்கு வந்தேன். மங்களம் அக்கா கதவைத் திறந்தார். அந்தச் சத்தத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். கலா ஏற்கெனவே சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் விட்டிருந்தது. மிதிக்கவில்லை. தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் தம்பி. மத்த நாள்ல நாம சொன்னா மெதுவா இருபது நிமிஷம் மிதிப்பா. அக்கா தோட்டத்துக்குப் போற அன்னிக்கு மட்டும் அவளா ஏறிக்குவா. அவளாத் தொடங்குவா. எட்டு நிமிஷம்தான், வேர்த்துக் கொட்டும். அப்புறம் படக்குன்னு நிறுத்திடுவா."

ஏழு இருபதுக்குக் கலா மிதிக்கத் தொடங்கினாள். நோயாளி மிதிப்பது போல இல்லை. முழங்கையை மடித்து, கழுத்தை நீட்டி, தனக்கு முன்னால் இரண்டடி தள்ளித் தரைக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சுவர்கூட இல்லை, வெறும் இடம். முன்னால் போகிற சக்கரத்தை அந்தத் தூரத்தில்தான் பார்ப்பார்கள். டக், டக், டக் என்று நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று. ஏழு இருபத்தெட்டுக்குக் கால் நின்றது. சக்கரம் ஒலித்து அடங்கும் வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

மங்களம் அக்கா தே கலக்கிக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அவராகவே பேச்சை எடுத்தார்.

"தினேசு தூங்குறதே இல்ல தம்பி. நான்தான் அதுங்கள அப்படி வளத்தேன். விடியிறதுக்கு முன்னால தலையில விளக்கக் கட்டிக்கிட்டு மரக்காட்டுக்குள்ள போவோம். பின்னால சத்தம் கேட்டாத் திரும்பக் கூடாது. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அது ஒரு தடவைதான் கூப்பிடும். மனுசன்னா ரெண்டாவது தடவையும் கூப்பிடுவான், அப்பத் திரும்பலாம். அதையே சொல்லிச் சொல்லி வளத்தேன்."

தே ஆறிப்போனது.

மறுநாள் பதிவைப் பார்த்தேன். ஏழு இருபதுக்கு நுழைவாயில். ஏழு இருபத்தெட்டுக்கு மூணாங்கட்டை. அதுவரைக்கும் நூற்று அறுபத்தைந்து.

சோதனையை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். சக்கரம் சரியில்லை, காற்று மாறுகிறது என்று ஏதேதோ சொன்னேன். தினேஸ்வரி அசையவில்லை. "வேகம் வந்திருச்சுண்ணே. இனிமே என்ன? வர்ற ஞாயித்துக்கிழமை," என்று முடித்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நான் தனியாக முன்னாலேயே போய் மூணாங்கட்டையில் நின்றேன். கல்லில் எண் பாதி அழிந்திருந்தது. ஒரு பழைய இரும்புச் சட்டத்தைச் சக்கரங்களோடு கொண்டு போயிருந்தேன். அவள் கண்ணில் படாமல் செம்பனைக்குப் பின்னால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தாண்டியதும் தாரில் போட வேண்டும், என் வேலை அவ்வளவுதான். தோட்டத்துக்கு அப்பால் தெரியும் சுண்ணாம்புக் குன்றில் பனி இறங்கவில்லை. வழக்கமாகக் கத்தும் குரங்குகள் கத்தவில்லை. நேரம் ஏழு இருபத்தாறு.

முதலில் அவள் சக்கரத்தின் ஒலி வந்தது. ஆழமான சக்கரம் அந்த வேகத்தில் 'வூம்' என்று கீழ்க்குரலில் பாடும். நான் பூட்டிய சைக்கிள், அதில் வேறு எந்தச் சத்தமும் வராது. ஒவ்வொரு திருகையும் நான் கைப்பட முறுக்கியவன். அந்த 'வூம்'முக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, இன்னொரு சத்தம் வந்தது.

டக். டக். டக்.

தினேஸ்வரி என்னைத் தாண்டிப் போனாள். தட்டையான முதுகு, மடிந்த கை, குனிந்த தலை. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. வெறும் தார். அந்த வெறும் தாருக்கு மேல் 'டக்' என் முகத்துக்கு நேராகக் கடந்து போய், கல்லருகே நின்றது. என் கையில் இருந்த சட்டம் கையிலேயே இருந்தது. விரல்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

முப்பது அடி போயிருப்பாள். தினேஸ்வரி தலையைத் திருப்பினாள். கஷ்டப்பட்டுச் செதுக்கிய அந்த இருப்பு மொத்தமும் கலைந்தது. சைக்கிள் ஒருபக்கம் சரிந்து, புல்லில் இறங்கி நின்றது. அவள் அதை அப்படியே போட்டுவிட்டு, ஷூ தாரில் சறுக்கச் சறுக்க ஓடிவந்தாள். சாலையைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சுண்ணே," என்றாள். "நல்லாக் கேட்டுச்சு."

"நான் போடலம்மா."

அவள் என் கையைப் பார்த்தாள். சட்டம் இன்னும் அதில்தான் இருந்தது.

"விழுந்த சத்தம் இல்லண்ணே. அக்கான்னு கூப்பிட்டா. ஒரு தடவ." பிறகு மூணாங்கட்டைக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். "அன்னிக்கும் இதேதான். விழுந்த சத்தமும் கேட்டுச்சு. கூப்பிட்டதும் கேட்டுச்சு. இன்னொரு தடவ கூப்பிடட்டும், திரும்பலாம்னு போய்க்கிட்டே இருந்தேன். பாலம் வந்துருச்சு. அப்புறம் நீங்க எல்லாரும் கேட்டிருக்காதுன்னீங்க. நானும் அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. சட்டத்தைப் புல்லில் சத்தமில்லாமல் வைத்தேன்.

அப்போது என் கைப்பேசி ஒலித்தது. மங்களம் அக்கா. அவர் குரல் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"தம்பி, கலா பேசுனா."

"என்னக்கா சொன்னா?"

"மிதிச்சுக்கிட்டே இருந்தவ நிமிந்து பாத்தா. 'அக்கா திரும்பிட்டா'ன்னா. அவ்வளவுதான் தம்பி. நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?"

அதன் பிறகு அந்தச் சாலையில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டோம். நுழைவாயிலிலிருந்து பாலம் வரை நூற்று எழுபது, கோடு நேராக இருக்கிறது. அவள் அந்தச் சைக்கிளை விற்கவில்லை. கைப்பிடிக்கு அடியில் எடுத்த வளையங்களை மறுபடி போடச் சொன்னாள், தலையைத் தூக்கி ஓட்டுகிறாள். மணியையும் மாட்டச் சொன்னாள். காற்றுக்கு அது இடைஞ்சல் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் தொழிற்சாலைக்குப் போகிறாள், மயிரிழையை அளக்கிறாள், யாராவது 'பாவம்' என்றால் கோபம் வருகிறது. கலாவின் சைக்கிளை நான் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். கடையில் வைத்து மிதித்துப் பார்த்தேன். அதில் ஒரு சத்தமும் இல்லை. நான் அதில் கை வைக்கவே இல்லை.

அந்தக் காலை, கைப்பேசியை வைத்ததும், நாங்கள் வேனில் செமோருக்குப் போனோம். கலா இன்னும் சைக்கிளில்தான் உட்கார்ந்திருந்தாள், வேர்வை கன்னத்தில் வழிந்தது. மங்களம் அக்கா வாசலிலேயே நின்றார். தினேஸ்வரி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தங்கையின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"கலா, எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. ரெண்டாவது தடவ கூப்பிடுவேன்னு பாத்தேன்."

கலாவின் உதடு ரொம்ப நேரம் அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"ஒரு தடவதான்," என்றாள் கலா, "கூப்பிட முடிஞ்சுச்சுக்கா."